21 வயதில் தோலுக்குள் அவர் பார்த்த செல்: சொரியாசிஸ் புதிருக்கு முதல் தடயம் தந்த பால் லாங்கர்ஹான்ஸ் யார்?

முழங்கை, முழங்கால், தலைமுடி ஓரம். சிவந்த திட்டு, அதன் மேல் வெள்ளையாக உதிரும் செதில். சொரியாசிஸ் வந்தவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எனக்கு ஏன் இது வந்தது என்பது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி, இது ஒட்டுமா என்பது.

இரண்டாவது கேள்விக்கு பதில் சுலபம். ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே துண்டில் முகம் துடைத்தாலும் ஒட்டாது.

முதல் கேள்விக்கான பதில்தான் கஷ்டம். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், எதிரியே இல்லாத இடத்தில் போரைத் தொடங்கிவிடுகிறது. அந்தப் போரின் புகைதான் தோலில் தெரியும் திட்டு. இதை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த நீண்ட கதையின் ஆரம்பத்தில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். பெயர் பால் லாங்கர்ஹான்ஸ். சர்க்கரை நோய் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்றுதான் பெயர். அதே ஆள்தான் தோலுக்குள்ளும் ஒரு செல்லைக் கண்டுபிடித்தார். அதுவும் கணையத்துக்கு முன்பே.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். லாங்கர்ஹான்ஸ் சொரியாசிஸ் நோயை ஆராய்ந்தவர் இல்லை. அவர் கண்ட செல் எதற்காக இருக்கிறது என்பதும் அவருக்குக் கடைசி வரை தெரியாது. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1847 ஜூலை 25-ஆம் தேதி பெர்லினில் பிறந்தார் லாங்கர்ஹான்ஸ். அப்பா மருத்துவர், கூடவே அரசியல்வாதி. பின்னாளில் அவரது தம்பிகள் இருவரும் மருத்துவர்கள் ஆனார்கள். சாப்பாட்டு மேசையிலும் மருத்துவம்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வீட்டாலும் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. சிறுவனுக்கு 6 வயது இருக்கும்போதே அம்மா காசநோயில் இறந்துபோனார். அன்றைக்கு ஐரோப்பாவில் காசநோய்க்கு மருந்து கிடையாது. அது கிருமியால் வருகிறது என்பதுகூட நிரூபணமாகவில்லை. இந்த நோயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

1865-இல் யேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே விலங்கியல் பாடம் எடுத்தவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். டார்வினின் கொள்கையை ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் அவர். கடல் உயிரினங்கள் மீது லாங்கர்ஹான்ஸுக்கு ஏற்பட்ட ஆசைக்கு விதை விழுந்தது அங்கேதான். பிறகு பெர்லினுக்கே திரும்பி ருடால்ஃப் ஃபிர்ஷோவின் ஆய்வகத்தில் நுழைந்தார்.

ஃபிர்ஷோ அந்தக் காலத்து மருத்துவத்தின் உச்ச நட்சத்திரம். எல்லா நோயும் செல்லில்தான் தொடங்குகிறது என்று சொல்லி மருத்துவத்தின் பார்வையையே திருப்பியவர். லாங்கர்ஹான்ஸின் அப்பாவுக்கும் நெருக்கமானவர். சிபாரிசு இருந்திருக்கலாம். ஆனால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த பிறகு சிபாரிசு உதவாது இல்லையா?

தங்கத்தில் கறுத்த செல்கள்

பெர்லின் பல்கலைக்கழகம் அப்போது மாணவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்திருந்தது. லாங்கர்ஹான்ஸ் எடுத்துக்கொண்டது மனிதத் தோலின் நரம்புகளை. நரம்பு எங்கே போய் முடிகிறது, மேல் தோல் வரை வருகிறதா என்பது அன்றைய பெரிய விவாதம்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான உத்தி வருகிறது. ஃபிர்ஷோவின் நிறுவனத்தில் யூலியுஸ் கோன்ஹைம் என்ற இளம் விஞ்ஞானி இருந்தார். தங்கக் குளோரைடு கரைசலில் திசுவை ஊறவைத்தால் நரம்பு இழைகள் மட்டும் கருமையாக எழுந்து தெரியும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சாதாரணமாகப் பார்த்தால் கண்ணாடி போலத் தெரியும் திசுவில், மையால் கோடு போட்ட மாதிரி நரம்பு தெரியும்.

அந்த உத்தியைத் தோலில் போட்டுப் பார்த்தார் லாங்கர்ஹான்ஸ். நரம்புகள் தெரிந்தன. கூடவே எதிர்பார்க்காத வேறு ஒன்றும் தெரிந்தது.

மேல் தோலின் செல் அடுக்குகளுக்கு நடுவே, கருமையான சின்னச் சின்ன செல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மரக்கிளை போல மெல்லிய கைகள் நீண்டிருந்தன. அந்தக் கைகள் அக்கம்பக்கத்து செல்களின் இடுக்கில் புகுந்து மேலே தோலின் பரப்பை நோக்கிப் போயின. யாரோ கூட்டத்துக்கு நடுவே நின்று நாலாபக்கமும் கை நீட்டித் துழாவுவது போல.

1868-இல் ஃபிர்ஷோ நடத்திய ஆய்விதழில் அதை எழுதி வெளியிட்டார். உடன் துல்லியமான படங்கள். அப்போது வயது 21. இன்னும் பட்டம் வாங்கவில்லை.

அவை என்ன செல்கள்? தங்கக் குளோரைடில் கறுக்கிறது, கிளைகள் இருக்கிறது. அப்படியானால் நரம்பு சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அன்றைக்கு இருந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் நியாயமான ஊகம். ஆனால் தவறான ஊகம்.

இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. நோய் எதிர்ப்பு மண்டலம் என்ற ஒன்று உடலில் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. இல்லாத ஒரு துறையின் செல்லை அவர் வேறு எந்தப் பெட்டியில் போட்டிருக்க முடியும்?

அடுத்த வருஷமே இன்னொன்று

1869 பிப்ரவரியில் டாக்டர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பொருள்: கணையத்தின் நுண்ணிய அமைப்பு. பெரும்பாலும் முயல்களின் கணையத்தை வைத்துச் செய்த வேலை. செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, அவற்றோடு சம்பந்தமே இல்லாத மாதிரி, வெளிறிய சின்ன செல்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதை அதில் விவரித்தார். கடலில் தீவுகள் கிடப்பது போல.

அவை என்ன வேலை செய்கின்றன? தெரியவில்லை என்று நேராக எழுதிவிட்டார். பட்டம் வாங்கும் ஆய்வேட்டில், நான் கண்டுபிடித்தது எதற்கு என்று எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்குள் இரண்டு கண்டுபிடிப்பு. இரண்டும் இன்று ஒவ்வொரு மருத்துவப் பாடநூலிலும் இருக்கின்றன. ஒன்று நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செல். மற்றது, நோய் எதிர்ப்பு மண்டலம் தவறுதலாகத் தாக்கி அழிக்கும் செல். சிறு வயதிலேயே வரும் முதல் வகை சர்க்கரை நோயில் அழிவது இந்தத் திட்டுகளில் உள்ள இன்சுலின் செல்கள்தான். தாக்குபவனையும் தாக்கப்படுபவனையும் ஒரே மாணவர் அடுத்தடுத்த வருஷங்களில் பார்த்திருக்கிறார். இரண்டையும் இணைக்கும் கோடு மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

தொழுநோயாளிகளும் போர்க்களமும்

பட்டம் வாங்கிய கையோடு ஒரு பயணம். புவியியல் ஆய்வாளர் ஒருவருடன் சிரியா, பாலஸ்தீனம் பக்கம் போனார். அங்கே பரவியிருந்த தொழுநோயை ஆராய்ந்தார். ஃபிர்ஷோவின் ஆர்வத்துக்காக உள்ளூர் மக்களின் மண்டை அளவுகளையும் எடுத்தார். அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்கு அப்படி ஒரு பித்து இருந்தது. இன்று படிக்கும்போது நெருடத்தான் செய்கிறது.

தொழுநோய் என்றதும் ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். சொரியாசிஸ் பல நூற்றாண்டுகளாகத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பப்பட்ட நோய். தோலில் செதில் இருந்தால் போதும், ஊரை விட்டு ஒதுக்கிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் சொரியாசிஸின் அடையாளங்களைத் தெளிவாக எழுதினார். ஆனாலும் அதன் ஒரு வடிவத்துக்குத் தொழுநோயின் பெயரையே வைத்திருந்தார். 1841-இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ராதான் இது தனி நோய் என்று பிரித்து நிறுத்தினார். லாங்கர்ஹான்ஸ் பிறப்பதற்கு வெறும் 6 வருஷம் முன்பு. பிரித்துச் சொன்னாரே தவிர, காரணம் என்ன என்று ஹெப்ராவுக்கும் தெரியாது.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. லாங்கர்ஹான்ஸ் திரும்பி வந்து, காயம்பட்ட வீரர்களுக்கு சிகிச்சை அளிக்கும் பிரிவில் பிரான்சில் வேலை பார்த்தார்.

போர் முடிந்ததும் 1871-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. பிரேதப் பரிசோதனை செய்வதும், நோய்க்கூறியல் கற்பிப்பதும்தான் பொறுப்பு. சீக்கிரமே பேராசிரியர் ஆனார். வயது 27-ஐத் தொடவில்லை, இரண்டு பெரிய கண்டுபிடிப்பு கையில், ஃபிர்ஷோவின் ஆதரவு முதுகில். ஜெர்மன் மருத்துவத்தின் அடுத்த பெரிய பெயர் இவர்தான் என்று யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

1874-இல் இருமல் தொடங்கியது.

ஊர் ஊராக மூச்சைத் தேடி

காசநோய். அம்மாவைக் கொண்டுபோன அதே நோய். பிணவறையில் அறுத்த உடல்களிலிருந்து தொற்றியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. கையுறை, முகமூடி எதுவும் இல்லாத காலம் அது.

பல்கலைக்கழகப் பணியிலிருந்து விடுப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மருந்து இல்லாத நோய்க்கு அன்றைய மருத்துவர்கள் கொடுத்தது ஊர்ப் பெயர்கள்தான். நேப்பிள்ஸ் போ, பலெர்மோ போ, காப்ரி தீவுக்குப் போ. எல்லா இடத்துக்கும் போனார். சுவிட்சர்லாந்து மலையில் டாவோஸ், சில்வாப்லானாவும் போய்ப் பார்த்தார். எங்கேயும் பிடிகொடுக்கவில்லை.

1875 அக்டோபரில் அட்லாண்டிக் கடலில் இருக்கும் மடெய்ரா தீவுக்குக் கப்பல் ஏறினார். போர்ச்சுகலுக்குச் சொந்தமான, எப்போதும் இதமான வெப்பம் உள்ள தீவு. ஐரோப்பாவின் காசநோயாளிகள் கடைசி நம்பிக்கையாக வந்து இறங்கும் இடம். பலர் திரும்பிப் போனதில்லை.

அப்படித் திரும்பாதவர்களில் ஒரு ரஷ்யப் பெண்ணும் உண்டு. லாங்கர்ஹான்ஸ் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1873-இல், அதே தீவில் காசநோயால் இறந்தார். அவருடைய கணவர் ஒரு விலங்கியல் விஞ்ஞானி. மனைவியின் மரணத்தில் நொறுங்கிப்போன அந்த மனிதர் பிறகு எப்படியோ எழுந்து, 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, உடலுக்குள் நுழைந்த முள்ளைச் சுற்றி வளைக்கும் செல்களைக் கண்டார். வெளியிலிருந்து வருவதை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் அவை. அவர் பெயர் எலி மெச்னிகோஃப். நோய் எதிர்ப்பு அறிவியலின் தந்தைகளில் ஒருவர், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர்.

இரண்டு பேரும் கடல் உயிரினங்களைப் பார்த்தவர்கள். இரண்டு பேரின் வாழ்க்கையிலும் மடெய்ராவும் காசநோயும். ஒருவர் தான் கண்டது என்ன என்று புரிந்துகொண்டார். இன்னொருவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

தீவில் 13 வருஷம்

மடெய்ராவின் தலைநகர் ஃபுன்ஷால். அங்கே லாங்கர்ஹான்ஸுக்கு உடம்பு கொஞ்சம் தேறியது. ஃப்ரைபர்க்குக்குத் திரும்பிப் பாடம் எடுக்கும் அளவுக்கு அது போதவில்லை. பேராசிரியர் வாழ்க்கை அதோடு முடிந்தது.

வேறு யாராவது என்றால் சாய்வு நாற்காலியில் படுத்துவிட்டிருப்பார்கள். இவர் கடற்கரைக்குப் போனார். மீனவர்கள் கொண்டுவரும் கடல் புழுக்களை வாங்கி ஆராய ஆரம்பித்தார். மடெய்ராவின் புழுக்களைப் பற்றி வருஷக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். கேனரி தீவுகளின் புழுக்களையும் விடவில்லை. புதிதாகக் கண்ட ஒரு புழு இனத்துக்கு 1879-இல் தன் ஆசான் ஃபிர்ஷோவின் பெயரை வைத்தார். மற்றவர்கள் ஆசானுக்கு நூலைக் காணிக்கை ஆக்குவார்கள், இவர் ஒரு புழுவைக் கொடுத்தார். விலங்கியலில் அது பெரிய மரியாதை, சிரிக்கக் கூடாது.

ஃபுன்ஷாலில் மருத்துவராகவும் வேலை பார்த்தார். வந்தவர்களில் பலர் தன்னைப் போலவே இருமிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியவர்கள். 1882-இல் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தி தீவுக்கும் வந்து சேர்ந்தது. தன்னைக் கொல்லும் எதிரியின் முகம் தெரிந்துவிட்டது. அதைத் தடுக்கும் மருந்து மட்டும் இன்னும் 60 வருஷத்துக்கு வரப்போவதில்லை. லாங்கர்ஹான்ஸும் காசநோயின் காரணம் பற்றி ஆய்விதழில் எழுதினார். மடெய்ராவுக்கு வருபவர்களுக்காக ஒரு கையேடும் தயாரித்தார்.

1885-இல், தான் சிகிச்சை அளித்து இறந்துபோன நோயாளி ஒருவரின் மனைவியைத் திருமணம் செய்துகொண்டார். கடைசி மூன்று வருஷங்கள் அவர் வாழ்க்கையில் நிம்மதியானவை என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். 1887-இல் சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பித்தது. கால் வீக்கம், கடும் தலைவலி, நினைவு தடுமாற்றம். பயணம் செய்வதும் நோயாளிகளைப் பார்ப்பதும் நின்றது.

1888 ஜூலை 20-ஆம் தேதி இறந்தார். 41-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்தே நாள் இருந்தது. ஃபுன்ஷாலில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அமைதியான அந்த இடம் அவரே விரும்பித் தேர்ந்தெடுத்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஃபிர்ஷோ அதற்குப் பிறகும் 14 வருஷம் உயிரோடு இருந்தார்.

பெயர் வந்தது, பொருள் வரவில்லை

அவர் இறந்த அடுத்த வருஷமே, 1889-இல், கணையத்தை அகற்றினால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று ஜெர்மனியில் நிரூபித்தார்கள். 1893-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லகேஸ், அந்த மர்மத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டினார். 1921-இல் டொரன்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்சுலின் என்ற பெயரே தீவு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணையக் கதை ஓரளவு வேகமாக முடிந்தது.

தோல் செல்லின் கதைதான் இழுத்தது. நரம்பு என்றார்கள். பிறகு, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் வேலை முடிந்து தேய்ந்துபோன மிச்சம் என்றார்கள். பல பத்தாண்டுகள் அது ஒரு உபயோகமில்லாத குப்பை செல் என்ற அளவில்தான் பாடநூல்களில் கிடந்தது.

1961-இல் மின் நுண்ணோக்கியில் பார்த்தபோது அதற்குள் டென்னிஸ் மட்டை வடிவத்தில் சின்ன உறுப்புகள் தெரிந்தன. வெண்புள்ளி நோய் உள்ளவர்களின் தோலை ஆராய்ந்தபோது கிடைத்த தகவல் அது. நரம்புக்கும் நிறத்துக்கும் மூலமான திசுவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலித் தோலிலும் இந்தச் செல் இருக்கிறது என்று 1968-இல் காட்டினார்கள். ஆக, லாங்கர்ஹான்ஸ் கட்டுரை வந்து சரியாக 100 வருஷம் கழித்து அவருடைய ஊகம் அதிகாரப்பூர்வமாகத் தோற்றது. அவர் கண்ட செல் மட்டும் அப்படியே நின்றது.

1970-களில் ஒவ்வொன்றாகத் தடயங்கள் விழுந்தன. ஒவ்வாமைத் தோலில் இந்தச் செல்லோடு வெள்ளை அணுக்கள் ஒட்டி நிற்பதைப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்புச் செல்களுக்கே உரிய அடையாளங்கள் இதன் மேல் இருப்பதைக் கண்டார்கள். இன்னொரு பக்கம், 1973-இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் இருவரும் எலியின் மண்ணீரலில் கிளைகள் கொண்ட ஒரு புது செல்லைக் கண்டார்கள். மரம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டென்ட்ரிடிக் செல் என்று பெயர் வைத்தார்கள். லாங்கர்ஹான்ஸ் தோலில் பார்த்தது இதே குடும்பம்தான் என்பது பின்னர் தெளிவானது.

ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அவர் மூன்று நாளைக்கு முன்பே கணையப் புற்றுநோயில் இறந்திருந்தது பரிசுக் குழுவுக்குத் தெரியாது. இந்தச் செல்லுக்கு அப்படி ஒரு ராசி போல.

சரி, அந்தச் செல் என்னதான் செய்கிறது?

மேல் தோலில் நூறு செல்லுக்கு மூன்று நான்குதான் இவை. ஆனால் கிளைகளை நீட்டிப் பரப்பு முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும். பாக்டீரியாவோ வைரஸோ நுழைந்தால் அதன் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, தோலை விட்டு நகர்ந்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் டி செல்களிடம் அந்தத் துணுக்கைக் காட்டும். இந்த முகத்தை நினைவில் வை, எங்கே பார்த்தாலும் அடி என்பது மாதிரி. எதிரி இல்லாத நேரத்தில் இதே செல்கள் டி செல்களை அமைதிப்படுத்தவும் செய்யும். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதும் இவர்தான், தெருவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதும் இவர்தான்.

சொரியாசிஸ்: பழி தோல் மேல், குற்றம் வேறு இடத்தில்

நீண்ட காலம் சொரியாசிஸ் என்றால் தோல் செல்களின் கோளாறு என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. சாதாரணமாக மேல் தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் இது சில நாட்களிலேயே நடந்து முடிகிறது. முதிராத செல்கள் மேலே குவிந்து செதிலாகத் தெரிகிறது. அப்போ தோலைத்தானே சந்தேகப்படுவார்கள்?

இன்னொரு தடயத்தையும் அந்தக் காலத்திலேயே ஒருவர் பிடித்திருந்தார். லாங்கர்ஹான்ஸின் சமகாலத்தவரான ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், 1870-களில், சொரியாசிஸ் உள்ளவருக்கு குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும்கூட புதுத் திட்டு முளைப்பதைப் பதிவு செய்தார். கீறல் விழுந்தால் அங்கேயே நோய். இன்றும் மருத்துவர்கள் இதை கோப்னர் விளைவு என்கிறார்கள்.

நோய் எதிர்ப்பு மண்டலம் மேல் சந்தேகம் விழாததற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்ன பிறகு எதிர்த்துக் கேட்க ஆளில்லை. சொந்த உடலைத் தாக்கும் நோய்கள் என்ற கருத்தை மருத்துவம் ஏற்க 1950-கள் வரை ஆனது.

சொரியாசிஸில் திருப்பம் வந்தது தற்செயலாக. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டி செல்களை அடக்கும் மருந்து. மூட்டு வாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவர்களின் தோல் சுத்தமாவதைக் கண்டார்கள். 1979-இல் அது பிரசுரமானது. தோலுக்காகக் கொடுக்காத மருந்து தோலைச் சரி செய்தால், நோய் எங்கே இருக்கிறது?

எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களும் சாட்சி சொன்னார்கள். சொரியாசிஸ் உள்ளவருக்கு நோயில்லாதவரின் மஜ்ஜையை வைத்தபோது நோய் மறைந்த சம்பவங்கள் பதிவாகின. சொரியாசிஸ் உள்ளவரின் மஜ்ஜையைப் பெற்றவருக்குப் புதிதாக நோய் வந்த சம்பவங்களும் உண்டு. தோல் அவருடையதேதான். மாறியது நோய் எதிர்ப்புச் செல்கள்.

இப்போது ஆய்வாளர்கள் வரையும் படம் ஏறக்குறைய இப்படி இருக்கிறது. கீறலோ தொற்றோ ஏற்பட்டதும் காயப்பட்ட தோல் செல்கள் எல்எல்-37 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அது, சிதைந்த செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. சொந்த டிஎன்ஏதான், ஆனால் இந்த வேஷத்தில் பார்க்கும்போது வைரஸ் போலத் தெரிகிறது. டென்ட்ரிடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகை செல் ஏமாந்து அபாய மணி அடிக்கிறது. அதைக் கேட்டு இன்னொரு வகை டென்ட்ரிடிக் செல் ஐஎல்-23 என்ற தூதுப் புரதத்தை விடுகிறது. அது டி செல்களை உசுப்ப, அவை ஐஎல்-17 விடுகின்றன. ஐஎல்-17 தோல் செல்லிடம் சீக்கிரம் பெருகு என்கிறது. பெருகும் தோல் செல் மேலும் படைகளைக் கூப்பிடுகிறது. வட்டம் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கோப்னர் பார்த்த குதிரைக்கடித் திட்டுக்கு இதுதான் விளக்கம்.

எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? பரம்பரை ஒரு காரணம். எச்எல்ஏ-சி என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். சிலருக்கு, குறிப்பாக இளம் வயதினருக்கு, தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து சில வாரங்களில் உடம்பு முழுக்க மழைத்துளி மாதிரி சின்னத் திட்டுகள் வருவதுண்டு.

லாங்கர்ஹான்ஸ் செல்லுக்கு இதில் என்ன பங்கு?

இங்கேதான் விஞ்ஞானிகளே இன்னும் சண்டை போடுகிறார்கள். முதன்மைக் குற்றவாளி என்று இப்போது விரல் நீட்டப்படுவது மேல் தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல் மேல் அல்ல, அதற்குக் கீழே உள் தோலில் குவியும் அதன் உறவுக்காரச் செல்கள் மேல். சொரியாசிஸ் உள்ளவர்களின் லாங்கர்ஹான்ஸ் செல், சமிக்ஞை கொடுத்தாலும் வழக்கம்போல இடம்விட்டு நகர்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சண்டையைத் தூண்டுகிறதா, அல்லது அடக்கும் வேலையைச் செய்யாமல் நிற்கிறதா? இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. என்னைக் கேட்டால், அடக்கத் தவறிய காவலர் என்ற கட்சி கொஞ்சம் பலமாகத் தெரிகிறது.

நோயாளிக்குக் கிடைத்தது என்ன?

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை வெட்டலாம் என்பது தெரிந்ததால்தான் இன்றைய ஊசி மருந்துகள் வந்தன. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து 2004-இல் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. ஐஎல்-23 பாதையைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் 2009-இல் வந்தது. ஐஎல்-17-ஐ நேராக மடக்கும் செகுகினுமாப் 2015-இல். பல வருஷம் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருந்தவர்களில் பலருக்கு இவை தோலைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்துகள் இல்லை இவை. நிறுத்தினால் நோய் திரும்பலாம். விலையும் எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை.

நோய் தோலோடு நிற்பதில்லை என்பதும் இந்த ஆராய்ச்சியால்தான் புரிந்தது. சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைத்து வலித்தால் தோல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தாமதித்தால் மூட்டு சேதம் சரியாகாது.

டிஎன்எஃப் தடுக்கும் ஊசியை ஆரம்பிக்கும் முன் மருத்துவர் ஒரு பரிசோதனைக்கு அனுப்புவார். இந்த மருந்து நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு கையைக் கட்டுவதால், நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். அதனால் மார்பு எக்ஸ்ரேயும், தோலிலோ ரத்தத்திலோ ஒரு சோதனையும் செய்து, அந்தக் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஊசிக்குப் போவார்கள். அந்தக் கிருமி, லாங்கர்ஹான்ஸை ஃப்ரைபர்க்கிலிருந்து மடெய்ராவுக்கு அனுப்பிய காசநோய்க் கிருமி.